கரை டீம்

ஸ்ரீவத்ஸனின் பிரவுசிங் சென்டர் செங்கல்பட்டு ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரே, மாடியில். பக்கத்துக் கம்ப்யூட்டர் வகுப்பின் சிஸ்டங்களையும் ஜன்னல் வழியாகக் கேபிள் இழுத்துச் சேர்த்துக்கொண்டால், முப்பது பையன்கள் இரண்டு டீமாகப் பிரிந்து ஒரே ஆட்டத்தில் சுட்டுக்கொள்ளலாம். ஆட்டத்துக்குள் அத்தனை பேர் ஓட இடமுள்ள களம்தான், பையன்கள் பாஷையில் மேப், இல்லை. அந்த வேலையை எழில் வலியக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

எழில் மாமல்லபுரத்தை ஒட்டிய ஒரு மீனவர் குப்பத்துக்காரன். சுனாமியில் குப்பம் போயிற்று. மனைவி அனுவும் போனாள். அதற்கப்புறம் கடல் இருக்கும் திசையில் தலைவைத்தும் படுக்காமல், செங்கல்பட்டிலேயே சிஸ்டம் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தான்.

சுனாமிக்கு இரண்டு வருஷம் கழித்து, அவன் செய்த மேப்பில் அந்தக் குப்பம் எழுந்து நின்றது. வீடுகள், வலை காயும் மணல், அம்மன் கோயில், மேட்டில் ரோடு. கரையிலிருந்து கிளம்பும் டீம் ரோட்டைப் பிடிக்க வேண்டும். ரோட்டிலிருந்து கிளம்பும் டீம் படகுகளைப் பிடிக்க வேண்டும்.

ஆடிப் பார்த்த அன்று கரை டீம் ஓர் ஆட்டமும் ஜெயிக்கவில்லை.

"இன்னா மேப்பு அண்ணாத்த இது? கோயிலாண்ட சந்துல பூந்தா சுவரு! பின்னால வர்றவன் தள்றான், முன்னால போனவன் மாட்டிகினு முழிக்கிறான். மேல நின்னுகினு ஒர்த்தனே அத்தினி பேரையும் காலி பண்றான்!"

"கரை டீமுக்கு இனிமே உங்க மாமனாரக் கூப்டு, அவரு சாவட்டும்" என்றான் இன்னொருவன். எல்லோரும் சிரித்தார்கள்.

பையன்கள் போனதும் ஸ்ரீவத்ஸன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். "சுவத்தை எடுத்துடுடா. ரெண்டு டீமுக்கும் வழி சரிசமமா இருந்தாத்தான் ஆட்டம்."

"அங்க சுவரு இருந்துச்சு, அய்யிரே."

"ஐயங்கார்டா நான், எத்தனை தரம் சொல்றது? இருந்தா என்ன? நீ என்ன தாலுக்கா ஆபீஸுக்கா அளந்து குடுக்கறே?"

எழில் வழக்கமாக இதற்குச் சிரிப்பான். இன்று சிரிக்கவில்லை.

அந்தச் சந்து, கட்டுமரம் ஏற்றி இறக்க ஊர் பொதுவில் விட்டுவைத்த வழி. அதில் ஒரு கூடை வைத்தால்கூட ஊர்க்கூட்டத்தில் நிற்க வேண்டும். ஃபைபர் படகு வந்தபின் எல்லாம் மணலிலேயே நின்றன. சந்து சும்மா கிடந்தது. பக்கத்தில் ஓட்டல் கட்ட வந்தவர் அதை மறித்துச் சுவர் கட்டிக்கொள்ளக் கேட்டபோது, ஊர் சளைக்காமல் பேரம் பேசியது. கோயிலுக்குத் தளம் கேட்டார்கள், மைக் செட் கேட்டார்கள், அவர் எழுந்திருக்கும் நேரம் பார்த்துக் கொசுறாக இரண்டு ஹாரன் ஸ்பீக்கரும் கறந்தார்கள். ஆளை மொட்டையடித்து அனுப்பிவிட்டோம் என்று குப்பமே விழுந்து விழுந்து சிரித்தது. எழிலும் அனுவும் சேர்ந்துதான் சிரித்தார்கள்.

"அனுவ அங்கதான் எடுத்தோம்" என்றான் எழில். "சுவத்தாண்ட. சுவரு கட்டி ஒரு மாசங்கூட ஆவல. தண்ணி தொரத்துது, பயத்துல காலு பழைய வழியிலயே பூட்ச்சி. அவ ஒர்த்தி இல்ல, நிறைய பேரு."

"அப்படியே இருக்கட்டும்டா" என்றான் ஸ்ரீவத்ஸன். "பசங்களுக்கு வேற மேப்பு பாத்துக்கலாம்."

எழில் மவுஸைப் பிடித்தான். சுவரின் மேல் ஒரு க்ளிக். அதன் ஓரங்கள் சிவந்தன. ஊர் கூடி விலை பேசிய சுவர் ஒரே பட்டனில் காணாமல் போயிற்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கரை டீம் ஜெயித்தது. சந்து வழியாக முதலில் ரோட்டுக்கு ஏறியவன் நாற்காலி மேல் நின்று விசிலடித்தான். மற்றவர்களும் அவன் பின்னாலேயே, ஒருவரையொருவர் இடிக்காமல், கரையிலிருந்து மேலே வந்துகொண்டேயிருந்தார்கள். எழில் கடைசி ஆள் வரும்வரை திரையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இன்னா ஈசியா வந்துட்டானுங்க பாரு, அய்யிரே" என்றான்.

ஸ்ரீவத்ஸன் அவன் தோளைத் தொடக் கை நீட்டினான். அதற்குள் எழில் செருப்பைக்கூடத் தேடாமல் படியிறங்கிக்கொண்டிருந்தான்.