பிரிக்காத முதல் பாகம்

"அங்கிள், அந்த முதல் பாகத்தைப் பிரிச்சுக் குடுங்க. படிச்சிட்டுத் தரேன்."

இதை மட்டும் கேட்டுவிடாதே என்று அவர் மகள் ஸ்நேஹா வாசலிலேயே எச்சரித்திருந்தாள். பரத்வாஜ் அங்கிளின் மயிலாப்பூர் வீட்டில், 'செங்கோள்' விண்வெளி நாவல் தொடரின் அத்தனை பாகங்களும் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் அலமாரியில் நின்றன.

"பிரிச்சா மதிப்பு போயிடும்மா. முதல்ல, வெளிவந்த வரிசையில படிக்கப்போறியா, கதை நடக்கிற வரிசையிலயா? அதைத் தீர்மானம் பண்ணு."

"நீங்க எப்படிப் படிச்சீங்க?"

"நான் இன்னும் தீர்மானம் பண்ணலை."

எங்கள் வீட்டில் கதைப்புத்தகம் வாங்கிய முதல் ஆள் நான். வாங்குவது படிக்கத்தான் என்று நம்பிவிட்டேன். லஸ் நடைபாதைப் பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த நாலாம் பாகம் மட்டும் கிடந்தது. முன்கதை தெரியாமல் எப்படி என்று தயங்கித்தான் இங்கே வந்தேன்.

"எங்கேம்மா கிளம்பிட்டே?"

"லஸ்ஸுக்கு. நாலுலேருந்தே ஆரம்பிக்கிறேன், அங்கிள்," என்று செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.