அந்த எடத்து நோவு

"வட்டலை அக்கட்டால வெச்சு எடுத்துக்க. என்ற போசியத் தொட்டராத."

முத்தாயம்மாள் தன் பாத்திரத்தை ஒதுக்கிக்கொண்டு, தட்டில் படாமல் சாறு ஊற்றிய சோற்றை உயரத்திலிருந்து போட்டாள். சுடுசாறு தெறித்து மருமகள் மோகனப்பிரியாவின் மணிக்கட்டில் விழுந்தது. எதிரே அவள் கணவன் சிவபிரகாஷ் ஆம்லெட்டைப் பிட்டு வாயில் வைத்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

குமாரபாளையத்தில் விசைத்தறி ஓடும் வீடு. சுகாதார நிலைய முகாமில் மோகனப்பிரியாவைப் பரிசோதித்தவர்கள், கருப்பை வாயில் செல்கள் மாறத் தொடங்கியிருப்பதாகச் சொல்லிச் சேலத்துக்கு அனுப்பியிருந்தார்கள். புற்றுநோய் அல்ல; கவனிக்காமல் விட்டால் ஆகக்கூடியது. மாமியாருக்கு அந்த வித்தியாசமெல்லாம் வேண்டியிருக்கவில்லை.

"அந்த எடத்துல நோவு எவளுக்கு வரும்? ஊர் மேயறவளுக்குத்தான வரும்."

சேலத்தில் டாக்டர் ஸ்ரீதேவி பொறுமையாகச் சொன்னார். "ஒரு கிருமிதாங்க காரணம். பெரும்பாலும் படுக்கையிலதான் ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தருக்கு வரும். வருசக்கணக்கா உள்ளயே கெடக்கும்."

"எனக்கு அவரு ஒருத்தர்தானுங்க."

சூரத்துக்கு நெய்த துண்டுகளை லாரியில் ஏற்றிப்போய் வாரக்கணக்கில் தங்கிவரும் கணவனின் முகம் மோகனப்பிரியாவின் முன்னால் வந்து நின்றது.

கத்தி வைக்கத் தேவையில்லை என்றார் டாக்டர். மருந்தைத் தடவிச் சற்றுக் காத்திருந்து, அந்த இடத்தில் ஒளியைப் பாய்ச்சினால் மாறிய செல்கள் மடிந்துவிடும். கருப்பைக்கு ஒன்றும் ஆகாது. புதிய முறை. எல்லாருக்கும் பொருந்தாது, அவளுக்குப் பொருந்தும். பிறகும் விடாமல் சோதனைக்கு வரவேண்டும்.

வீட்டில் அதைச் சொன்னபோது முத்தாயம்மாள் காறித் துப்பினாள். "லைட்டு அடிச்சாத் தீட்டுப் போயிருமா? கர்ப்பப்பையையே எடுத்துட்டு வா. இல்லாட்டி உங்கப்பன் ஊட்டுக்கு நடையக் கட்டு. என்ற பையனுக்குப் பொண்ணுக்கா பஞ்சம்?"

மோகனப்பிரியா கணவனைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்வான் என்று இன்னமும் எதிர்பார்த்ததற்காகத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"அம்மா சொல்றதுலயும் ஞாயம் இருக்குதுல்ல" என்று அவன் கை கழுவ எழுந்து போனான்.

அவள் தனியாகவே பஸ் ஏறினாள். சிகிச்சை முடிந்து, அடுத்தடுத்த சோதனைகளில் மாற்றம் மறைந்துவிட்டது என்றார்கள். வீட்டில் யாரும் என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை.

கரண்ட் போய்த் தறிகள் நின்றிருந்த ஒரு மத்தியானம், முத்தாயம்மாள் பின்கட்டுக்கு வந்து அவளருகே குந்தினாள்.

"அம்முணி, அந்த லைட்ட எனக்கும் அடிப்பாங்களா?"

மோகனப்பிரியாவுக்குப் புரியவில்லை.

"தீட்டு நின்னு போயி வருசம் எத்தனையோ ஆச்சு. இப்ப மறுக்காப் படுது. நாத்தம் வேற. துணியச் சுருட்டி வெறகுக்குப் பின்னால ஒளிச்சு வெச்சிருக்கேன்."

"ஏனுங்க அத்தை முன்னமே சொல்லல?"

"எப்படிச் சொல்றது? என்னையும் ஊர் மேஞ்சவளுன்னு பேசமாட்டாங்களா? எனக்கு உன்ற மாமனாரு ஒருத்தருதான்."

யார் பேசுவார்கள் என்று கேட்க நாக்கு துடித்தது. அந்த முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

மறுநாளே சேலத்துக்குக் கூட்டிப்போனாள். சோதனை முடிவுகள் வந்ததும் டாக்டர் மருமகளை மட்டும் தனியே அழைத்தார். "ஆரம்பத்துலயே வந்திருந்தா லைட்டோட போயிருக்கும். இப்பப் புத்துநோயாகி ஆழமாப் போயிருச்சுங்க. கதிர்வீச்சு குடுக்கணும். முழுசாக் குணமாகும்னு இப்பச் சொல்ல முடியாது."

வீட்டுக்கு வந்ததும் முத்தாயம்மாள் சுருண்டு படுத்துவிட்டாள். சிவபிரகாஷ் தோள்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசற்படியிலேயே நின்றான்.

"மொதல்ல அந்தத் துணியெல்லாம் எடுத்து அலசிப் போடு. ஊட்டுக்குள்ள நிக்க முடியல."

மோகனப்பிரியா ஒளித்துவைத்த துணிகளை ஒரு பக்கெட்டில் அள்ளி, அவன் காலடியில் கொண்டுவந்து வைத்தாள்.

"எனக்கு உங்ககிட்ட இருந்து வந்துதுங்க. அத்தைக்கு உங்கப்பாகிட்ட இருந்து வந்துது. நீங்களே அலசுங்க."

அவன் திகைத்துப்போய் அம்மாவைப் பார்த்தான், அவள் ஒரு அதட்டல் போடுவாள் என்று.

முத்தாயம்மாள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். "சோப்பு தொட்டி மேல இருக்குதுடா" என்றாள்.