ஈர பெஞ்சும் வெள்ளை சோபாவும்

1

இந்தக் கதை ஒரு சோபாவிலிருந்து வந்தது. தெரிந்தவர் வீட்டுக்குப் போயிருந்தபோது புது சோபாவில் உட்காரச் சொன்னார்கள். கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறையைப் பிரித்திருக்கவில்லை. அசைந்தால் சத்தம், அசையாவிட்டால் வியர்வை. "பிரிச்சா அழுக்காயிடும்" என்றார்கள். யாரால் அழுக்காகும் என்று நான் கேட்கவில்லை. அப்போது அதில் உட்கார்ந்திருந்தது நான் ஒருவன்தான்.

வீட்டுக்கு வந்ததும் எழுதத் தொடங்கினேன். முதல் வரி இப்படி இருந்தது: 'மனிதர்கள் பொருள்களைச் சேர்த்துச் சேர்த்து, கடைசியில்'

வேண்டாம். இப்படித் தொடங்கும் கதையை நானே இரண்டாவது வரிக்கு மேல் படிக்க மாட்டேன்.

2

செயற்கைப் பல் செய்யும் இடத்தில் வேலை பார்க்கிறாள் ஒருத்தி. கதை இவளுடையது. வெகுநாள் ஆசைப்பட்டு ஒரு வெள்ளை சோபா வாங்கியிருக்கிறாள். உறையைப் பிரிக்கத்தான் மனம் வரவில்லை. (ஏன் வெள்ளை என்று கேட்காதீர்கள். நாள் முழுக்கப் பல்லைப் பார்க்கிறவள்.)

இன்று அவளைப் பார்க்க ஒரு சினேகிதி வருகிறாள். புது வேன்களை, வாங்கியவர்களின் ஊர்வரை ஓட்டிப்போய் ஒப்படைத்துவிட்டு, பஸ்ஸில் திரும்புகிற ஓட்டுநர்.* இருவரும் பழகியது ஒரு பேருந்து நிலையத்தில். போன மழையில் பாலம் மூழ்கி, பஸ்ஸெல்லாம் நின்றுபோய், இரண்டு நாள் அங்கேயே கிடந்தார்கள். பெயர் கேட்டுக்கொள்ளவே தோன்றவில்லை. மடியில் பல் செட் பெட்டி இருந்ததால் இவள் 'பல்லு' ஆனாள். அவள் 'ஸ்டியரிங்'. முதல் நாள் 'நீங்க, வாங்க' என்று இருந்தது மறுநாளே 'வாடி, போடி' ஆகிவிட்டது.

கூரை ஒழுகி பெஞ்செல்லாம் ஈரம். ஸ்டியரிங்கிடம் நனையாமல் மிஞ்சியது ஒரே ஒரு ஸ்வெட்டர். அதைக் கழற்றி பெஞ்சில் விரித்தாள்.

"இதுல படு. நான் ஸ்டியரிங் மேலயே தூங்கிப் பழகினவ. வண்டி நின்னப்புறம்தான், பயப்படாத."

"உனக்குக் குளிராதாடி?"

"குளிர்ந்தா உன்னை எழுப்பிப் பேச்சுக் கொடுக்கறேன்."

எழுப்பவில்லை. [இந்த இடத்தில் மழையை வர்ணித்து ஒரு பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன். மழை எல்லோருக்கும் தெரியும்.]

* முதலில் அவளை ஓவிய ஆசிரியையாக வைத்திருந்தேன். ஓவியம் வரைகிறவர்கள் உடையில் கறை இருந்தால் அதையும் அழகு என்பார்கள். இந்தக் கதைக்கு கிரீஸ் வேண்டும்.

3

கதைக்கு வில்லன் வேண்டுமே என்று பல்லுவின் கணவனைப் பிடித்தேன். 'அழுக்குப் பேன்ட்டோடு சோபாவிலா என்று அவன் முறைத்த'

நிறுத்திவிட்டேன். அந்த மனுஷன் பாவம், வேலைக்குப் போயிருக்கிறார். போகும்போதுகூட, "உன் சினேகிதி வர்றாங்களே, இன்னைக்காவது அந்த உறையைப் பிரியேன்" என்றுதான் சொல்லிவிட்டுப் போனார். என் வசதிக்காக அவர் தலையில் பழியைப் போடுவது சரியில்லை. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஸ்டியரிங் வந்தாள். வேனை ஒப்படைக்கப் போகும் வழியில் டயர் மாற்றியிருக்கிறாள், பேன்ட்டெல்லாம் கிரீஸ். இரவு தங்குவதற்கென்று மாற்றுத்துணி எடுத்துவந்த பை தோளில். வாசலிலேயே ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு, "பல்லு!" என்று கட்டிக்கொண்டாள். பல்லுவும் கட்டிக்கொண்டாள். அந்த சந்தோஷத்தில் பொய் இல்லை.

"ஒரு நிமிஷம்டி, உட்காராத" என்று உள்ளே ஓடினாள் பல்லு. பழைய போர்வை ஒன்றைக் கொண்டுவந்து பிளாஸ்டிக் உறைக்கு மேல் விரித்தாள். சோபா கொஞ்சமும் வெளியே தெரியாதபடி நாலு மூலையையும் இழுத்துவிட்டாள். "ம், இப்ப உட்காரு."

ஸ்டியரிங் அதையெல்லாம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"எனக்குத் தரையே போதும் பல்லு" என்று சுவரோரமாகப் போய் உட்கார்ந்துவிட்டாள்.

4

இதை எழுதிய பிறகுதான் எனக்கே தெரிந்தது. அங்கே பெஞ்சில் விரித்தது படுக்கிறவளுக்காக. இங்கே விரித்தது சோபாவுக்காக. நான் திட்டம் போட்டு எழுதவில்லை. [நம்பாவிட்டாலும் பரவாயில்லை.] பல்லுவுக்கும் அது அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும். போர்வையின் மூலையைப் பிடித்த கை அப்படியே நின்றது. அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

டீ குடித்தார்கள். அந்தப் பாலத்தை உயர்த்திக் கட்டிவிட்டார்களாம். பல்லு டம்ளரோடு நின்றுகொண்டே இருந்தாள். அவளும் சோபாவில் உட்காரவில்லை.

"சரி, கிளம்பறேன். ஆறு மணி பஸ்ஸைப் பிடிச்சா காலையில ஊருக்குப் போயிடுவேன்."

"தங்கறேன்னு சொன்னியே?"

"இன்னொரு தடவை பாத்துக்கலாம்."

இன்னொரு தடவை என்று ஒன்று வரப்போவதில்லை. அது இருவருக்கும் தெரியும்.

5

மறுபடி மழையைக் கொட்டவிட்டு பஸ்ஸை நிறுத்தலாம். எழுதுகிறவனுக்கு அது ஒரு வரி வேலை. ஆனால் பஸ் இல்லை என்பதற்காகத் தங்குகிறவள் தங்கியதாகக் கணக்கில் வராது.

பல்லு கத்தரிக்கோலை எடுத்து உறையைக் கிழித்தெறியலாம். கைதட்டல் விழும். நாளைக்கே புது உறை வாங்கிவிடுவாளோ என்று எனக்குச் சந்தேகம்.

அல்லது ஸ்டியரிங் போய்விடுவாள், சோபா பல வருஷம் வெள்ளையாகவே இருக்கும். நடக்கக்கூடியது இதுதான். எழுதினேன். படித்துப் பார்த்தேன். அடித்துவிட்டேன். எனக்கு ஸ்டியரிங்கைப் பிடித்துப்போய்விட்டது. பல்லுவையும்தான், அவள் மேல் கோபம் இருந்தாலும்.

ஆகவே நீங்கள்தான் ஏதாவது செய்ய வேண்டும். ஸ்டியரிங் வாசற்படியில் உட்கார்ந்து ஷூ மாட்டுகிறாள். பல்லு கதவைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்கிறாள், என்ன சொல்வதென்று தெரியாமல். எனக்கும் தெரியவில்லை. தெரிந்தால் பல்லுவின் காதில் சொல்லுங்கள், சீக்கிரம். ஸ்டியரிங் ஒரு ஷூ மாட்டியாயிற்று. இன்னொன்றின் லேஸைக் கட்டிக்கொண்டிருக்கிறாள்.

பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் இருப்பவர்கள் லேஸை இவ்வளவு மெதுவாகக் கட்ட மாட்டார்கள்.