நவம்பர் பக்கத்துப் படம்

நடுவட்டத்தைத் தாண்டிக் கூடலூர்ப் பக்கம் இறங்கும் பஸ், ஒரு வளைவில் நின்று மூச்சு வாங்கும். அந்த இடம் கொட்டாய்மட்டம். பதினொரு கடை, ஒரு நிழற்குடை, மழை நின்றாலும் நிற்காத ஒரு குழாய், ஊர் அவ்வளவுதான். ஆனாலும் வியாபாரிகள் சங்கம் உண்டு, சங்கத்துக்குத் தலைவர் உண்டு, வருடா வருடம் சிவகாசியில் அச்சடித்து வரும் மாதக் காலண்டரும் உண்டு. அதில் இத்தனை நாளும் சாமி படங்களும், ஊரில் ஒருத்தரும் போய்ப் பார்க்காத சுவிட்சர்லாந்து ஏரிகளும்தான் இருந்தன.

"அடுத்த வருசம் நம்ம கடைத்தெருவோட பழைய போட்டோவா போடுவோம். கீழே ஆறு வரியில அந்தக் குடும்பத்துக் கதை" என்று யோசனை சொன்னவள் நஜ்முன்னிசா. ரெயின்கோட், கம்பளி, ரப்பர் பூட்ஸ் விற்கிற கடைக்காரி. வயது நாற்பத்தைந்து. யோசனை சொன்னவர் தலையிலேயே வேலையையும் கட்டிவிடுவது சங்கத்தின் வழக்கம். கட்டிவிட்டார்கள்.

ஜனவரிப் பக்கத்துக்குப் பதினொரு பேரும் முட்டி மோதினார்கள். ஆடி விழுகிற ஜூலையைச் சும்மா கொடுத்தாலும் ஆள் இல்லை. அதைக்கூட நஜ்மு பேசி முடித்துவிட்டாள். பேசவைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. போனை ரெக்கார்டில் போட்டு, "உங்க குடும்பம் இங்க எப்படி வந்துச்சு?" என்று கேட்டால், பத்துப் பேரில் ஒன்பது பேர், "என்னத்தச் சொல்றது, வந்தோம், கடை போட்டோம்" என்று முடித்துக்கொண்டார்கள்.

அவளுடைய அத்தா கடையில் கற்றுக்கொண்ட ஒரு வித்தை அப்போது கைகொடுத்தது. வாடிக்கையாளரிடம் "என்ன விலைக்கு வேணும்" என்று கேட்டால் வாயைத் திறக்கமாட்டார். தப்பான விலை ஒன்றைச் சொன்னால், மறுத்துப் பேசிப் பேசியே மனதில் இருப்பதையெல்லாம் கொட்டிவிடுவார். நஜ்மு அதையே சரித்திரத்துக்கும் செய்தாள். பேக்கரி சசிதரனிடம் போய், "உங்கப்பா அண்ணன் தம்பி சண்டையில கோவிச்சுக்கிட்டு ஒத்தப்பாலத்துல இருந்து ஓடி வந்தவராமே?" என்றாள்.

"யாரு பறஞ்சது உன்னோட? ஒத்தப்பாலமா? நாங்க திரூராக்கும்! ஓடி வரல்லா, ரயில்ல டிக்கெட் எடுத்து வந்தது!" என்று ஆரம்பித்த சசிதரன் நாற்பது நிமிடம் நிறுத்தவில்லை. முதல் அடுப்பு, முதல் ரொட்டி, முதல் பெண்டாட்டி வரைக்கும் வந்தது.

இப்படியே பதினொரு மாதம் ஒப்பேறிவிட்டது. மிச்சம் நவம்பர்.

நவம்பருக்கு எந்தப் படம் என்பதில் மட்டும் யாருக்கும் தகராறு இல்லை. சங்கத் தலைவர் சுடலைமுத்துவின் டீக்கடையில், பாய்லருக்கு மேலே, ஈ உட்கார்ந்து உட்கார்ந்து புள்ளி விழுந்த கண்ணாடிக்குள் தொங்கும் படம். எழுபத்தெட்டு நவம்பர் மழையில் மேலேயும் கீழேயும் ரோடு சரிந்து, ஒரு பஸ் மூன்று நாள் இங்கேயே மாட்டிக்கொண்டது. 'மூன்று நாளும் பயணிகளுக்குச் சோறு போட்ட கடைத்தெரு' என்பது ஊரின் பெருமை. பயணி ஒருவர் எடுத்து அனுப்பிய படம். நடுவில் சால்வையோடு சுடலைமுத்துவின் அப்பா பேச்சிமுத்து. பக்கத்தில் கிளாஸ் தட்டோடு இருபது வயது சுடலைமுத்து. இடது ஓரத்தில் அண்டாவுக்குப் பக்கத்தில் கரண்டியும் கையுமாக ஒரு பெண். அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு ஒரு குழந்தை.

"இந்தப் பொம்பள யாருங்க அண்ணாச்சி?" என்று சுடலைமுத்துவிடம் கேட்டாள் நஜ்மு.

"பஸ்ல வந்தவளா இருக்கும்."

பஸ்ஸில் வந்தவள் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பாளா? இரண்டாம் முறை கேட்டாள். "ஞாபகமில்ல" என்றார். மூன்றாம் முறை வித்தையை இறக்கினாள். "உங்க கடைச் சமையக்காரிதானே? ரோடு தெறந்ததும் அந்த பஸ் டிரைவரோட போயிட்டான்னு சொல்றாங்களே?"

யாரும் சொல்லவில்லை. அந்த நிமிடத்தில் அவளே சமைத்தது. கோபப்படுவார், மறுப்பார், உண்மை வரும் என்று காத்திருந்தாள். சுடலைமுத்து கிளாஸைத் துடைத்துக்கொண்டே, "ம்... அப்படித்தான்" என்றார்.

சொன்ன விலைக்கே ஒருவர் வாங்கிக்கொண்டு போனால், அந்தச் சரக்கை ஏன் வாங்கினார் என்று வியாபாரி யோசிக்க வேண்டும். அத்தா இருந்திருந்தால் யோசித்திருப்பார். அதற்குள் கூடலூர் பஸ் வந்துவிட்டது. நஜ்மு ரெயின்கோட் விற்க ஓடிவிட்டாள்.

மூன்று வாரம் கழித்து இத்தலாருக்குப் போனாள். முன்பு கடைத்தெருவுக்குப் பின்னால் குடியிருந்த ஜானகியம்மாள் இப்போது அங்கே மகன் வீட்டில் இருக்கிறார். படத்தைக் காட்டியதும் கேள்வியே கேட்காமல் கதை கொட்டியது.

"இவளா? ராக்கம்மா! சிலோன்ல இருந்து வந்தவ. டிரைவரோட ஓடிப்போனவ. அந்த டிரைவர் நெட்டையா, கட்டம் போட்ட மப்ளர் சுத்திக்கிட்டு இருப்பான். அந்தப் பச்சப் புள்ளைய பஸ் படியில அழ விட்டுட்டுப் போனா, கல்நெஞ்சக்காரி. புள்ளைய யாரோ சேரம்பாடிக்குக் கூட்டிட்டுப் போனாங்க."

நஜ்முவுக்கு முதலில் சந்தோஷம், பெயர் கிடைத்துவிட்டதே என்று. அடுத்த நொடிதான் உறைத்தது. அவள் விற்ற சரக்கு, புது லேபிள் ஒட்டி, மப்ளர் சுற்றி, அவளிடமே திரும்ப வந்திருந்தது.

"இதை யாரும்மா உங்களுக்குச் சொன்னாங்க?"

"யாரு சொல்லணும்? என் ரெண்டு கண்ணால பாத்தேன்!"

வெளியே வரும்போது மருமகளிடம் பேச்சுக் கொடுத்தாள். போன வாரம் அங்கே ஒரு கல்யாணத்துக்கு வந்த சுடலைமுத்து, ஜானகியம்மாளோடு இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தாராம்.

அந்தப் படத்தை விட்டுவிட்டு வேறு ஏதாவது போடலாம். ஓரத்தை வெட்டிவிட்டு அச்சடிக்கலாம். பஸ்ஸில் வரும்போது இரண்டையும் நினைத்துப் பார்த்தாள். அச்சாகாவிட்டாலும் கதை இனி நிற்காது என்பது நன்றாகத் தெரிந்தது. ராக்கம்மா என்று ஒருத்தி நிஜமாக இருந்திருக்கிறாள். பெயர் தெரியாதவரைக்கும் ஊர் அவளை மறந்துதான் இருந்தது. இப்போது அவளைப் பற்றி ஊருக்குத் தெரிந்த ஒரே விஷயம் நஜ்மு சொன்ன பொய். போட்டவள்தான் எடுக்கவேண்டும்.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு சேரம்பாடிக்கு பஸ் ஏறினாள். தேயிலைத் தோட்டத்தின் மூன்று டிவிஷனிலும் நடந்தாள். எழுபதுகளில் சிலோனிலிருந்து வந்த ராக்கம்மா, ஒரு பெண்குழந்தை என்று விசாரித்ததில், தொழிலாளர் வீடுகள் வரிசையாய் இருக்கும் நான்காவது லயத்தில் ஒரு கதவைக் காட்டினார்கள். கொழுந்துப் பையை அப்போதுதான் இறக்கி வைத்த ஐம்பது வயதுப் பெண். பெயர் தேவி. படத்தைக் கையில் வாங்கி வெளிச்சத்துப் பக்கம் திருப்பினாள்.

"எங்கம்மாவுக்கு இத்தனை முடி இருந்துச்சா?" என்றாள். அம்மா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. குழந்தையின் மேல் விரலை வைத்தாள். "இது நானுங்க. நீங்க எதுக்கு வந்திருக்கீங்க?"

பொய்யைச் சொல்லாமலே மிச்சத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். நஜ்முவுக்கு அது தெரியும். ஆனாலும் சொன்னாள், டிரைவரை, மப்ளரை, பஸ் படியில் அழுத குழந்தையை, எல்லாவற்றையும்.

தேவி தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தாள். "ஏனுங்க, உங்க கடையில சரக்கு தீந்துபோச்சுன்னு எங்கம்மாவை எடுத்து வித்தீங்களா?"

"தப்புதானுங்க அக்கா."

"தப்புன்னா? எடை கொறஞ்சா தப்பு. இது வேற." எழுந்து உள்ளே போனவள், திரும்பி வரமாட்டாள் என்றுதான் நஜ்மு நினைத்தாள். வந்தாள். கையில் தோட்டத்து வேலை அட்டை. எழுபத்தெட்டு டிசம்பர் பதினொன்று, பேர்பதிந்த நாள். மூலையில் சின்னப் போட்டோ. ராக்கம்மாவின் தோளில் ஒரு குழந்தையின் பாதித் தலை.

"என்னைய எறக்கி விடச் சொல்லியிருக்காங்க போட்டோ புடிச்சவங்க. அம்மா மாட்டேன்னுட்டாங்க." பிறகு, கேட்காமலே சொன்னாள். "மூணு நாள் சோறு போட்டோம்னு பெருமை பேசுறாங்கள்ல, ரெண்டாம் நாள் உங்க ஊர்ல டீ என்ன விலைன்னு கேளுங்க. கால் ரூபா டீ முக்கா ரூபா. ரொட்டி ரெண்டு மடங்கு. கம்பளிக்கடை பாய் பதினெட்டு ரூபாக் கம்பளிய முப்பத்தாறுக்குக் குடுத்தாராம்."

கம்பளிக்கடை பாய் நஜ்முவின் அத்தா. தேவிக்கு அது தெரியாது. நஜ்மு ரெக்கார்டை நிறுத்தவில்லை.

"புள்ளைங்க பசியில கத்துதுன்னு, மூணாம் நாள் அம்மா டீக்கடை முதலாளியக் கேக்காம ஒரு மூட்டை அரிசிய அண்டாவுல கொட்டிட்டாங்க. காசு வாங்காம எல்லாருக்கும் போட்டாங்க. ரோடு தெறந்த அன்னைக்கு வேலையும் போச்சு. அதே பஸ்ல ஏறினது நிஜம். டிரைவரோட இல்லீங்க, நாப்பத்திரெண்டு பேரோட போனாங்க. எல்லாரும் அவங்க கையால சாப்பிட்டவங்க."

"வர்ற செவ்வாய்க்கிழமை மத்தியானம் எங்க சங்க மீட்டிங். நீங்க வரணும்" என்றாள் நஜ்மு.

"நான் எதுக்கு? நீங்க போட்ட பொய்."

"எடுக்கப்போறது நான்தான். நான் சரியா எடுக்குறேனான்னு பாக்க ஒரு ஆள் வேணும்."

தேவி ஒரு நாள் லீவு போட்டு வந்தாள். சுடலைமுத்துவின் டீக்கடையில்தான் மீட்டிங். புதன்கிழமைக்குள் எல்லாப் பக்கமும் சிவகாசிக்குப் போகவேண்டும். தேவியைக் கடைசி பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, யாரென்று சொல்லாமல், நஜ்மு எழுந்தாள்.

"ராக்கம்மா டிரைவரோட போனதாச் சொன்ன கதை பொய். அதை உண்டாக்குனது நான். அண்ணாச்சி வாயப் புடுங்க ஒரு தூண்டிலாப் போட்டேன்."

கூட்டம் மன்னிக்கும் அல்லது திட்டும் என்று எதிர்பார்த்தாள். இரண்டும் இல்லை. நம்பவே இல்லை.

"நீ அப்பப் பொறக்கவே இல்லியேம்மா, உனக்கென்ன தெரியும்?" என்றாள் காய்க்கடை மரகதம். "நான் பதினோரு வயசுப் புள்ள. என் கண்ணால பாத்தேன்."

"நானும் கண்டதாக்கும். குள்ளமா, வழுக்கைத் தலை டிரைவர்" என்றார் சசிதரன்.

"வழுக்கையா? சுருட்டை முடி!" என்றார் சுடலைமுத்து.

"ரெண்டும் இல்ல. போனது கண்டக்டரோட" என்றாள் மரகதம்.

நஜ்மு போனை உயர்த்தி, இத்தலாரில் ஜானகியம்மாள் பேசிய ரெக்கார்டைப் போட்டாள். நெட்டை, கட்டம் போட்ட மப்ளர். கேட்டவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லோரும். சுடலைமுத்து மட்டும் சிரிக்கவில்லை.

"பஸ் படியில விட்டுட்டுப் போன குழந்தை நான்தானுங்க" என்றாள் கடைசி பெஞ்சில் இருந்து தேவி. எழுந்து வந்து வேலை அட்டையை மேஜைமேல் வைத்தாள். சிரிப்பு நின்றது.

நஜ்மு எழுதி வைத்திருந்ததைப் படித்தாள். டீ முக்கால் ரூபாய் என்ற இடம் வந்ததும் கடைக்குள் பெஞ்சுகள் நகர்ந்தன.

"நிறுத்தும்மா" என்றார் சுடலைமுத்து. "அவங்க பேரைப் போடு, வேணாங்கல. 'ராக்கம்மாளின் உதவியோடு கடைத்தெரு உணவளித்தது'ன்னு போடு. வெலைய எதுக்கு வியாபாரிங்க காலண்டர்ல? நம்ம மூஞ்சில நாமே கரி பூசறதா? பாதிக்குப் பாதி. உனக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம்."

அவர் சொன்னது நல்ல பேரம். வேறு எந்த நாளாக இருந்தாலும் நஜ்மு கை கொடுத்திருப்பாள்.

"எங்க அத்தா கம்பளிய ரெண்டு மடங்குக்கு வித்தாரு. அந்த வரிதான் முதல்ல வருது, அண்ணாச்சி. 'ஹாஜி ரஹீம் கம்பளிக்கடை'ன்னு பேரோட. அதுல ஒரு எழுத்துக்கூடக் குறைக்கமாட்டேன். இது பேரம் பேசற சரக்கு இல்ல."

சசிதரன் தொண்டையைச் செருமினார். "ரொட்டியும் எழுதிக்கோ. அச்சன் சாகும்முன்னே ஒரு தடவை சொன்னாரு, அந்தக் காசுலதான் ரெண்டாவது அடுப்புன்னு."

எல்லோரும் சுடலைமுத்துவைப் பார்த்தார்கள். அவர் பாய்லரைப் பார்த்தார். "அப்பா பேரையும் போட்டுரு" என்றார். "எல்லாப் பேரும் இருந்து அவரு பேரு மட்டும் இல்லாட்டி, நாலு மடங்குக்கு வித்திருப்பார்னு நெனப்பாங்க." யாரும் சிரிக்கவில்லை. "ராக்கம்மாவோட தகரப்பெட்டிய ரோட்டுல கொண்டு போய் வெச்சது நான். அப்பா சொன்னாரு, வெச்சேன். நீ டிரைவர்னு சொன்னப்போ... எனக்கு அது வசதியா இருந்துச்சு நஜ்மு."

"அதையும் போடவா?"

"போடு."

தேவி அவர் முன்னால் வந்து நின்றாள். "அம்மா அழுதாங்களா?"

"இல்லம்மா. உன்னைத் தூக்கிப் பெட்டிமேல உக்கார வெச்சாங்க. திரும்பக் கடைக்குள்ள வந்தாங்க. கரண்டியக் கழுவி, தொடச்சு, எங்கப்பா கையில குடுத்தாங்க. அப்புறம்தான் பஸ் ஏறினாங்க. அப்பா அன்னைக்குப் பூரா அந்தக் கரண்டியக் கீழ வைக்கல."

ஆறு வரிக்கு அளவெடுத்த இடத்தில் இப்போது பதினொரு வரி வந்தது. எழுத்தைச் சின்னதாக்கினால் கண்ணாடி போட்டவர்களுக்கும் தெரியாது. நவம்பர்ப் பக்கத்தின் அடியில் இருக்கும் டீக்கடை விளம்பரத்தை எடுத்தால் இடம் சரியாகும் என்றாள் நஜ்மு. காசு கட்டிய விளம்பரம் அது. சுடலைமுத்து வாயைத் திறந்தார், எதிரே நின்ற தேவியைப் பார்த்தார், மூடிக்கொண்டார்.

நஜ்மு போனில் இருந்த பக்கத்திலிருந்து விளம்பரத்தை அழித்தாள். பதினொரு வரியையும் தேவிக்கு ஒருமுறை சத்தமாகப் படித்துக் காட்டினாள். அவள் தலையசைத்த பிறகு, சிக்னல் கிடைக்கிற நிழற்குடை வரைக்கும் மழையில் நடந்து போய், சிவகாசிக்கு அனுப்பினாள்.