நீல நிறத்துக்கு ஒரு விண்ணப்பம்

போனில் ஆடுகிற போரில் ஒரு சௌகரியம் உண்டு. யார் நம்மவர், யார் எதிரி என்று யாரையும் கேட்க வேண்டாம். வரைபடமே நிறம் போட்டுக் காட்டிவிடும். நம் கூட்டணிக் கோட்டைகள் நீலம், எதிரிக் கோட்டைகள் சிவப்பு. இளம்பரிதியின் கோட்டையும் அவன் பெரியப்பா மகன் மாதவராஜின் கோட்டையும் வெகுகாலம் பக்கத்துப் பக்கத்தில் நீலமாகவே இருந்தன. பாலக்கோட்டுக்குத் தக்காளி ஏற்றிப்போகும் வண்டியில் உட்கார்ந்தபடியே இருவரும் நாடு பிடித்தார்கள். கூட்டணிக்குத் தலைவன் மாதவராஜ்.

பிறகு பொதுக்கிணற்றில் தண்ணீர் முறை வைப்பதில் பெரியவர்களுக்குள் வாய் தடித்து, கை நீண்டு, இரண்டு வீட்டுக்கும் பேச்சு அறுந்தது. இளம்பரிதியின் அப்பா முருகேஷ், இனி நல்லது கெட்டதுக்குப் போக்குவரத்து இல்லை என்று ஊரார் முன்னால் சொல்லிவிட்டார். மகன் அதோடு விட்டிருக்கலாம். அப்பாவுக்கு விசுவாசம் காட்டுகிறேன் பேர்வழி என்று, கூட்டணியை விட்டு விலகி எதிர்க்கூட்டணியில் போய்ச் சேர்ந்தான். அன்றே அவன் போனில் மாதவராஜின் கோட்டை சிவந்தது. மாதவராஜின் போனில் இவன் கோட்டை சிவந்திருக்கும். அவரவர் போனில் அவரவர் நல்லவர். புத்தி கெட்ட விளையாட்டு.

மாதவராஜின் அம்மா ஜானகியம்மாளுக்கு மட்டும் இந்த நிறமெல்லாம் தெரியாது. வாய்க்கால் ஓரம் இவனைப் பார்த்தால் சாப்பிட்டாயா சாமி என்று கேட்பாள். இவன் காது கேளாதவன் போலப் போனைப் பார்த்துக்கொண்டே நடந்துவிடுவான். அந்த ஜானகியம்மாள் ஒரு நாள் காலையில் தக்காளிக் காட்டில் சுருண்டு விழுந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

நாலு வீடு தள்ளித்தான் சடலம் கிடந்தது. மேளச் சத்தம் சுவரைத் தாண்டி வந்தது. இளம்பரிதி சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தான். முருகேஷ் கட்டிலை விட்டு எழாமலேயே சொன்னார்.

"அறுத்துப் பேசியாச்சு. போறதுன்னா போ. திரும்பி இந்த வூட்டுக்கு வராத."

அதே வாயால் மனைவியைக் கூப்பிட்டு, சாமி விளக்கு ஏற்ற வேண்டாம், பங்காளித் தீட்டு என்றார். பேச்சு அறுந்தாலும் தீட்டு அறுவதில்லையாம். தீட்டுக் காக்க உறவு உண்டு, தோள் கொடுக்க உறவு இல்லை. இந்த நியாயத்தை எந்தக் கோயிலில் போய்க் கேட்பது? அப்பாவிடமே கேட்டிருக்க வேண்டும். இளம்பரிதி கேட்கவில்லை. சட்டையைக் கழற்றவும் இல்லை. பாடை தெருமுனை திரும்பும்வரை ஜன்னலோரம் நின்றான். அவன் தோள் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ டிராக்டர் ஓட்டுகிறவன் தோள் கொடுத்துப் போனான். பெரியம்மாவுக்கு அதுகூடச் செய்யவில்லையே என்று நெஞ்சு வெடித்து அழுதான்.

அழுது முடித்து, போனைத் திறந்தான். கால் போகாத இடத்துக்கு விரல் போயிற்று. எதிர்க்கூட்டணியை விட்டு விலகினான். எந்தக் கூட்டணியிலும் இல்லாதவனுக்கு எதிரியும் இல்லை; மாதவராஜின் கோட்டை சிவப்பு போய் வெளுத்தது. பழைய கூட்டணியில் சேர்த்துக்கொள்ளச் சொல்லி விண்ணப்பம் அனுப்பினான். அண்ணா, என்னை மன்னித்துவிடு என்று அதில் எழுதினான். தலைவன் ஏற்றுக்கொண்டால் மறுபடியும் நீலம். வேறு எந்த வழியில் துக்கம் கேட்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. அந்த வெளுத்த கோட்டையையே பார்த்துக்கொண்டு கிடந்தான்.

காரியம் முடிந்த மறுநாள் பதில் வந்தது. சேர்க்க முடியாது என்று இருந்தது. அதற்குக் கீழே மாதவராஜ் தன் கையால் எழுதியிருந்தான்:

"எல்லாரும் எடுக்கலாம் எடுக்கலாம்னாங்க பரிதி. நீ வருவேன்னு நாந்தான் அம்மாவ எடுக்க விடாம வெச்சிருந்தேன்."