அளவு கொடுத்தவர்

தோட்டத்துப் பழைய ஷெட்டின் சுவர்களை உயர்த்த வந்த மேஸ்திரிக்கு ஒரு கிறுக்கு உண்டு. உயரத்துக்கு மட்டும் டேப்பைத் தொடமாட்டார். அந்த அறையில் புழங்கப் போகிறவரை உள்ளே நிற்க வைத்து, கையைத் தூக்கச் சொல்லி, விரல் நுனிக்கு மேல் ஒரு சாண் விட்டுக் கம்பில் கோடு போடுவார். அதுவரைதான் சுவர். பக்கத்து வீட்டுக்காரி சொல்லி இதைத் தெரிந்துகொண்ட தையல்காரி, வேலை தொடங்கிய நாளிலிருந்து தன்னை எப்போது கூப்பிடுவார் என்று காத்துக்கொண்டிருந்தாள். ஊருக்கெல்லாம் அளவெடுப்பவளை ஒருவர் அளவெடுக்கப் போகிறார் என்றால் சும்மாவா?

பத்தொன்பது வருடமாகப் படுக்கையறையில், கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே மெஷினைப் போட்டுத் தைத்தவள் அவள். பின்னால் சாய்ந்தால் பீரோ இடிக்கும், முன்னால் குனிந்தால் டிரைவர் புருஷனின் கால் இடிக்கும். "அந்த ஷெட்டை உசத்திக் கட்டிடலாமா?" என்று அவரே கேட்டபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. இப்போதாவது மனிதருக்குக் கண் திறந்ததே! துணி வெட்டும் மேஜை எங்கே, கண்ணாடி எங்கே என்று மனசுக்குள்ளேயே எல்லாவற்றையும் அடுக்கிவிட்டாள். ரவிக்கை தைக்க வந்தவர்களிடமெல்லாம் "அடுத்த மாசம் பின்னாடி வாங்க, தனி ரூமு" என்று தம்பட்டம் அடித்தாயிற்று.

மூன்றாம் நாள் காலை டீயோடு தோட்டத்துக்குப் போனாள். கழற்றிய தகரக் கூரை மரத்தடியில் சாய்ந்திருந்தது. பாசி பிடித்த பழைய செங்கல்லின் மேல் புதுச் செங்கல் எட்டு வரி ஏறியிருந்தது. இவளோ ஐந்தடிக்கும் ஒரு விரல் குறைவு. அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தது.

"என்ன மேஸ்திரி, எனக்குப் போய் இவ்வளவு உயரமா? என்னை இன்னும் அளக்கவே இல்லையே?"

மேஸ்திரி கலவை பூசிய கரணையை நிறுத்தினார். "உங்கள எதுக்கும்மா அளக்கணும்? சாரை முதல் நாளே நிக்க வெச்சு அளந்துட்டேனே."

"அவரையா? அவரை எதுக்கு?"

"இங்க தங்கப் போறது அவர்தானே? கட்டில் போடற பக்கம் ஜன்னல் வேண்டாம், வெளிச்சம் கண்ணுல அடிக்கும்னு சொன்னாரே."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. டம்ளர் விரலைச் சுட்டுக்கொண்டிருந்தது. கீழே வைக்கத் தோன்றவில்லை. மேஸ்திரியிடம் ஏதோ கேட்கப் போவதற்குள், தோளில் துண்டோடு புருஷனே வந்துவிட்டார். அவள் முகத்தைப் பார்த்தார், மேஸ்திரியைப் பார்த்தார். விஷயம் உடைந்துவிட்டது என்று புரிந்தது.

"யாருங்க அவ?" என்றாள்.

"சீச்சீ, அப்படியெல்லாம் யாரும் இல்ல."

"அப்போ நான் என்ன தப்பு பண்ணேன்?"

"நீ ஒண்ணும் பண்ணல. எனக்குத் தனியா இருக்கணும் போல இருக்கு, அவ்ளோதான். கட்டி முடிச்சுட்டுச் சொல்லலாம்னு இருந்தேன்."

இன்னொருத்தி இருந்திருந்தாலாவது அவளை நாலு வார்த்தை திட்டித் தீர்த்திருக்கலாம். ஒருத்தியும் இல்லை, ஒரு சண்டையும் இல்லை. இத்தனை வருடம் பக்கத்தில் படுத்திருந்தவர் வெறுமனே எழுந்து போகிறார். இதை எங்கே போய்ச் சொல்லி அழுவது?

அவரோ பெரிய மனசு பண்ணுகிறவர் மாதிரி மேலே பேசினார். "கட்டில் இங்க வந்துட்டா உன் மெஷினுக்கும் தாராளமா இடம் கிடைக்கும்ல? சாப்பாட்டுக்கு நான் வந்துடுவேன். துணியெல்லாம் வழக்கம்போல நீயே துவைச்சுப் போட்டுடு."

மேஸ்திரிக்குத் தர்மசங்கடம். கலவைச் சட்டியைக் கரணையால் சுரண்டினார். "கலவை இறுகுதும்மா. வாசல் நிலையை உசத்தி வைக்கணும். வாசல் பழையபடி சமையல்கட்டைப் பார்த்தே இருக்கட்டுமா? இப்பவே சொல்லிடுங்க, அப்புறம் மாத்த முடியாது."

"அங்கேயே இருக்கட்டும் மேஸ்திரி," என்றார் புருஷன். "நாலு எட்டு வெச்சா சாப்பாடு."

"வேண்டாம்," என்றாள் அவள். யாரோ பேசுவது போல அவளுக்கே கேட்டது. "இந்த வாசலைச் செங்கல் வெச்சு அடைச்சிடுங்க. பின்னாடி சந்துப் பக்கம் உடைச்சு வாசல் வைங்க."

புருஷன் துண்டு தோளிலிருந்து நழுவியதைக்கூடக் கவனிக்கவில்லை. "சந்துப் பக்கமா? அப்போ நான் சாப்பிட எப்படி வர்றது?"

"ஊரெல்லாம் பஸ் ஓட்டறவருக்கு ஒரு தெருவைச் சுத்தி வரத் தெரியாதா? எல்லாரும் வர்ற மாதிரி முன்வாசலுக்கு வந்து பெல் அடிங்க."

"அடிச்சா?"

ஆறத் தொடங்கிய டீயை மேஸ்திரியிடம் நீட்டினாள். "வீட்ல இருந்தா திறக்கறேன்."