செவலைக்கு ஒரு நைட்டி

...இல்லை, ஐந்து நாள் என்று நினைத்தால்தான் மலைப்பாக இருக்கிறது, பிரித்துப் பார்த்தால் வெறும் பத்து வேளை, காலையில் ஐந்து, சாயங்காலம் ஐந்து, வேளை வேளையாக ஏற்பாடு செய்துவிட்டால் முடிந்தது. வைக்கோல் போரின் மறைவில் நின்றபடி செல்வகுமாரி விரல் மடக்கி மறுபடியும் எண்ணினாள், சரியாகத்தான் இருந்தது, அவள் கணக்கு தப்பாது... தப்பாதா? தப்பாது. டிக்கெட் பிரான்சிலிருக்கும் நாத்தனார் ஜெயசித்ரா எடுத்தது, சென்னையில் ஏறிச் சென்னையிலேயே இறங்கும் உல்லாசக் கப்பல், "உங்க நாலு பேருக்கும் ஒரு பைசா செலவில்ல அண்ணி" என்று போனில் சிரித்தாள். செலவில்லையாம்! சென்னைக்குப் போக வர பஸ், பிள்ளைகளுக்கு ஷூ, வாந்தி மாத்திரை, கப்பலில் காசு கொடுத்தே வாங்க வேண்டிய தண்ணீர் பாட்டில், எல்லாம் நோட்டில் வரிசையாக எழுதியாகிவிட்டது, அதெல்லாம் சமாளிக்கலாம், கடைசி வரியில் செவலை என்று மட்டும் எழுதி எதிரே ஒன்றும் போடாமல் விட்டிருந்தாள். ஆறு வருஷமாக அவள் கை பட்டால்தான் செவலை பால் விடும். புருஷன் தமிழ்க்குமரன் ஒருமுறை உட்கார்ந்து பார்த்தான், உதைத்த தழும்பு முழங்காலில் இன்னும் இருக்கிறது. பத்து வேளை கறக்காமல் விட்டால் மடி கல்லாகும், காம்பு அடைத்துப்போகும், அதற்கப்புறம் மாடு எதற்கு? "நீ வரலன்னா நாங்களும் போவல குமாரி" என்று நேற்றும் சொன்னான், சொல்லிவிட்டு ஷூவைப் போட்டுப் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்தான். அம்மாவுக்கும் விஷயம் போய்விட்டது, நெட்டப்பாக்கத்திலிருந்து போன், "கப்பல்லலாம் போறியாடி? நம்ம வூட்ல ஒரு ராத்திரி தங்கச் சொன்னா மட்டும் மாடு மாடுன்ற!" கேலிதான், ஆனாலும்... அது வேறு, இது வேறு, இதற்கு அவள் வழி கண்டுபிடித்திருக்கிறாள்.

வழி பக்கத்து வீட்டு ரோஸ்லின். அவளுக்குக் கறக்கத் தெரியும், செவலைக்குத்தான் அவளைத் தெரியாது, ஆகவே செல்வகுமாரியின் பச்சைப் பூ போட்ட நைட்டி, நான்கு நாள் துவைக்காமல் சாணியும் வியர்வையுமாக வைத்திருந்தது, இப்போது ரோஸ்லின் உடம்பில். முந்தாநாள் செவலை உதைத்துக் குண்டான் உருண்டது. நேற்று அரை லிட்டர் விட்டுவிட்டு மீதியை அடக்கிக்கொண்டது. செல்வகுமாரி பக்கத்தில் நின்றதுதான் தப்பு, நிஜ ஆள் நிற்கும்போது நைட்டியை எந்த மாடு நம்பும்? அதனால் இன்றைக்கு மறைவு. இதுதான் கடைசி, விடிந்தால் பஸ். "யக்கா, உன் நைட்டி வாசனைக்கு எனக்கு இங்கியே கப்பல்ல ஏறுன மாதிரி தல சுத்துது" என்றாள் ரோஸ்லின். வாயை மூடுடி, குரல் கேட்டால் திரும்பும் என்று சைகை காட்டினாள். கன்றை ஊட்டவிட்டுப் பிடித்துக் கட்டினாள் ரோஸ்லின், வெந்நீரில் மடியைத் துடைத்தாள், காம்பில் எண்ணெய் தடவினாள், "நில்லுடி என் தங்கம்" என்றாள், சொல்லிக்கொடுத்த அதே இழுவையில். செவலை தலையைத் திருப்பி நைட்டியை முகர்ந்தது, ஒருமுறை, இன்னொருமுறை... செல்வகுமாரி மூச்சை விடவில்லை.

சர்ர்ரென்று குண்டானின் அடியில் முதல் பீச்சு. அப்புறம் இரண்டாவது, அப்புறம் நுரையில் விழும் அந்தக் கனத்த சத்தம், ஆறு வருஷமாகத் தன் கைக்குள்ளிருந்து மட்டுமே கேட்ட சத்தத்தை முதல்முறையாகப் பத்தடி தள்ளி நின்று கேட்டாள், நிற்கவே இல்லை, செவலை அசை போட்டுக்கொண்டிருந்தது. ஜெயித்தாயிற்று, நோட்டில் செவலைக்கு எதிரே ஒரு நைட்டி என்று எழுதிவிடலாம், அவ்வளவுதான் விலை, ஒரு பழைய நைட்டி... சிரிப்புகூட வந்தது. பத்து வேளைக்கு இது போதும். அப்படியென்றால் அம்மா வீட்டில் ஒரு ராத்திரிக்கு? விரல் மடக்கினாள், சாயங்காலம் ஒன்று, மறுநாள் காலை ஒன்று, இரண்டே வேளை. ரோஸ்லின் ஆறு வருஷமும் பக்கத்து வீட்டில்தான் இருந்தாள், நைட்டியும் கொடியில்தான் தொங்கியது, ஒருநாள்கூட ஏன் தோன்றவில்லை? பொங்கலுக்குப் போனபோது, அம்மா இருமி இருமிப் படுத்திருந்தபோது, மத்தியானம் மூன்று மணி பஸ்ஸுக்கே எழுந்து "செவலைக்கு நேரமாச்சும்மா" என்று படியிறங்கினாளே, இறங்கும்போது நெஞ்சுக்குள் லேசாக ஒரு நிம்மதி இருந்ததே... அந்த நிம்மதிக்கும் செவலைதான் காரணமா?

"யக்கா, நாலு லிட்டருக்கு மேல கீது, வந்து பாரு! மூட்டையக் கட்டு!" என்று ரோஸ்லின் கத்தினாள், இனிமேல் குரல் கேட்டால் என்ன. வீட்டுக்குள்ளிருந்து பிள்ளைகள் ஓடி வரும் ஷூச் சத்தம் கேட்டது. வர்றேன்டி என்று சொல்லத்தான் வாயெடுத்தாள், ஒரு கையில் அந்த இரண்டு விரல் மட்டும் இன்னும் மடங்கியே இருந்தது.